வட்ட முள்: ஒரு சீசன் ஓட்டிப் பார்த்த பிறகு

போன வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் படகின் ஆயிரங்கால் தூண்டிலில், அதாவது ஒரே நீளக் கயிற்றில் வரிசையாக முள் தொங்கும் தூண்டிலில், 600 முள்ளில் 400-ஐ வட்ட முள்ளாக மாற்றினோம். கொச்சி தோப்பும்படி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கியது. 14-ஆம் நம்பர், துத்தநாகப் பூச்சு, மேலே வளையம் வைத்தது. J எழுத்து வடிவில் இருக்கும் பழைய ஜே முள்ளைவிட ஒன்றரை மடங்கு விலை. ஆகஸ்ட் முதல் மே வரை முழுக்க ஓட்டிவிட்டேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் நிறையப் பேர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தூத்தூர் பகுதிக் கிராமங்கள் சுறாவுக்குப் பேர் போனவை. அப்பா காலத்தில் முள்ளுக்கு மேலே இரும்புக் கம்பிதான், சுறா கடித்தாலும் அறாது. அப்புறம் தடைகள் ஒவ்வொன்றாக வந்தன. 2013-இல் சுறாவின் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் போடக் கூடாது என்றார்கள். 2015-இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியே நின்றது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2010-லேயே வால் நீண்ட சுறாவைப் படகில் வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டது. கடலாமையோ வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுறாவை விட்டுவிட்டுக் கேரை என்கிற சூரை மீனுக்குப் போக வேண்டியதுதானே என்று கரையில் இருப்பவர்கள் சொல்வார்கள். அப்படிப் போக முள் மாற வேண்டும், கம்பி போய்த் தங்கூசி (நைலான் நரம்பு) வர வேண்டும், ஐஸ் போடுகிற விதம் மாற வேண்டும், கையின் பழக்கமும் மாற வேண்டும். எல்லாம் நம் கைக்காசு.

சரி, முள்ளுக்கு வருகிறேன். ஜே முள்ளின் நுனி நேராக மேலே நிற்கும். மீன் இரையோடு விழுங்கினால் தொண்டையிலோ வயிற்றிலோ ஏறிவிடும். வட்ட முள்ளின் நுனி உள்பக்கமாக, தண்டை நோக்கி வளைந்திருக்கும். மீன் விழுங்கிவிட்டுத் திரும்பிப் போகும்போது அது வழுக்கிக்கொண்டு வந்து வாயோரத்தில், தாடை மூட்டில் மாட்டும். முதல் தங்கலில், அதாவது பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் ஓட்டத்தில், இதை நான் நம்பவில்லை. இரண்டாவது தங்கலில் ஏறிய கேரைகளை ஒவ்வொன்றாக வாய் திறந்து பார்த்தேன், ஏறக்குறைய எல்லாமே வாயோரம்தான்.

இதனால் என்ன லாபம் என்றால், மீன் உயிரோடு ஏறுகிறது. அக்டோபரில் லட்சத்தீவுக்கு வடக்கே விடியற்காலையில் ஒரு கேரை, 40 கிலோ இருக்கும், தளத்தில் விழுந்த சத்தத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பழைய பாயை விரித்து, கண்ணில் ஈரத்துணி போட்டு, தலையில் கூர்க்கம்பி இறக்கி, பக்கத்துடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கீறி ரத்தத்தை ஓடவிட்டோம். செவுளும் குடலும் எடுத்து, உள்ளே ஐஸ் அடைத்து, கடல்நீரும் ஐஸும் கலந்த தொட்டியில் தலைகீழாக இறக்கினோம். கரையில் வியாபாரி மெல்லிய குழலைக் குத்திச் சதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பாக, ஈரமாக மின்னியது. வாய் பேசாமல் விலையை ஏற்றினார். கயிற்றிலேயே செத்து நேரமான மீனென்றால் அந்தச் சதை வெளிறி, வெந்தது போல இருக்கும்.

ஆமையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் ஒரு பங்குனி ஆமை மாட்டியது. பழைய முள்ளில் ஆமை விழுங்கியதைப் பார்த்தவன் நான், கயிறு தொண்டைக்குள்ளே போயிருக்கும், முள் எங்கே என்றே தெரியாது, அறுத்துவிடுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்த ஆமைக்கு முள் அலகின் ஓரத்தில் நின்றது. முள் கழற்றும் நீளக்கம்பியை விட்டு அஸ்ஸாம் பையன் ஒருவன் திருகி எடுத்தான். கொஞ்ச நேரம் நிழலில் வைத்துவிட்டு இறக்கிவிட்டோம், முங்கிப் போய்விட்டது.

குறைகளும் உண்டு. இரை கோப்பது மெதுவாகிறது, முள்ளின் வாய் குறுகலாக இருப்பதால் கணவாய் பிய்கிறது. அயிலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கோத்தால் நிற்கிறது. கைத்தூண்டிலில் இந்த முள்ளைப் போட்டால் பழக்கதோஷத்தில் சுண்டி இழுக்கக் கூடாது, வெறும் முள்தான் வரும். மெதுவாக, ஒரே பிடியாக இழுக்க வேண்டும். பெரிய குறை நான் வாங்கிய முள்கட்டிலேயே இருந்தது. முதல் 100-இல் 7 முள்ளின் வளையம் பற்றவைத்த இடத்தில் விட்டுவிட்டது. அதில் ஒன்றில் மாட்டியது நல்ல மீன். கடையில் மாற்றித் தந்தார்கள், மீனை யார் தருவார்கள்?

அப்புறம் சுறா. கம்பியை எடுத்துத் தங்கூசி போட்டதால் கடித்து அறுத்துக்கொண்டு போகிறது. ஒரு தங்கலில் 23 முள் போனது. சுறா வருமானமும் சேர்ந்து போனது, இதை மறைக்க மாட்டேன். அப்பாவுக்கு இதில் இன்னும் வருத்தம்தான், 200 பழைய முள் அவர் சொல்லித்தான் மிச்சம் வைத்தோம். ஆனால் கடைசி இரண்டு தங்கலில் நல்ல விலைக்குப் போன கேரை பெரும்பாலும் வட்ட முள்ளில் ஏறியது.

வாங்குகிறவர்கள் துத்தநாகப் பூச்சு உள்ளதையே கேளுங்கள், துருப்பிடிக்காத எஃகு வேண்டாம். மீனோடு போன முள் எப்போதாவது உதிர வேண்டும். நுனி பக்கவாட்டில் சாய்ந்த ரகத்தையும் தவிர்த்துவிடுங்கள், அது மறுபடி தொண்டையில் ஏறும். முள் கழற்றும் கம்பியையும் கயிறு வெட்டியையும் சேர்த்தே வாங்குங்கள். ஜூன் 1-இல் தடைக்காலம் தொடங்கியதும் மிச்சமுள்ள 200-ஐயும் மாற்றிவிட்டேன். இந்த முறை கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளையத்தையும் இடுக்கியால் இழுத்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.