எங்கள் பீடத்தின் கல்வி ஆலோசகர் முறை: ஒட்டுசுட்டான் மாணவியின் மதிப்பீடு

முதலாம் வருடத்திலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு விரிவுரையாளரைக் கல்வி ஆலோசகராகப் போடுகிறார்கள். பெயர்ப்பட்டியல் அறிவித்தல் பலகையில் தொங்கும், அவ்வளவுதான். எதற்காக அவரிடம் போவது, எப்போது போவது என்று ஒருவரும் சொல்வதில்லை. வீட்டில் ஏற்கெனவே படித்த அண்ணா அக்கா இருக்கிற பிள்ளைகளுக்குச் சரி. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆள் நான். வன்னியில் இருந்து வரும் பலரும் அப்படித்தான்.

ஆனால் போய்க் கதைத்த பிறகு கிடைத்த உதவி பெரிது. என் ஆலோசகரான மிஸ் என் பெறுபேற்றுத் தாளை வாங்கி அதன் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். 60 கிரெடிட் (பாடங்களின் அளவைக் காட்டும் அலகு) முடிந்திருந்தது, ஜிபிஏ (தரப்புள்ளிச் சராசரி) 2.80. நான்கு வருட ஹானர்ஸ் 120 கிரெடிட். செகண்ட் லோவருக்கு (இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு) 3.00 தேவை, அதற்கு மிச்சம் 60 இல் சராசரி 3.20 எடுத்தால் போதும். அதன் மேற்பிரிவான செகண்ட் அப்பருக்கு 3.30 வேண்டும் என்றால் மிச்சத்தில் 3.80. "முதலாவது உங்களால் ஏலும் பிள்ளை, மற்றதுக்கு கிட்டத்தட்ட எல்லாத்திலையும் ஏ வேணும்" என்றார். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சி மைனஸ் வந்த பாடத்தை றிப்பீட் எடுக்கலாமா என்றும் கேட்டேன். எங்கள் விதிப்படி றிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் இல்லை. சி மைனஸுக்கான 1.70 புள்ளி, சிக்கான 2.00 ஆகும். மூன்று கிரெடிட் பாடம், 60 இல் பார்த்தால் ஜிபிஏ 0.015 தான் கூடும். அந்த நேரத்தைப் புதுப் பாடங்களுக்குக் கொடுங்கோ என்றார். கொடுத்தேன், அடுத்த செமஸ்டரில் பலன் தெரிந்தது.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை என்பதுதான் கவலை. மல்லாவியில் இருந்து வரும் நண்பனின் ஆலோசகர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார், பதிலுக்கு யாரையும் போடவில்லை. அவனுக்கு டெங்கு வந்து வரவு 80 வீதத்துக்குக் கீழே இறங்கியது. மருத்துவச் சான்றிதழை எங்கே, எப்போதைக்குள் கொடுப்பது என்று கேட்க ஆளில்லாமல் திகதி தவறி, ஒரு பாடத்தில் பரீட்சை எழுத விடவில்லை. ஒருவர் லீவில் போனால் அன்றைக்கே அடுத்தவரின் பெயரைப் பலகையில் போடுவது பெரிய வேலையா?

புதிதாக வரும் தம்பி தங்கச்சிமாருக்கு: பாடப்பதிவு வாரத்துக்கு முன்னமே போங்கள், பெறுபேற்றுத் தாளைக் கையோடு கொண்டு போங்கள். பரீட்சை நெருக்கத்தில் போனால் அவர்களுக்கும் நின்று கதைக்க நேரம் இருக்காது.