கடல் தொட்டிக்கு இரட்டைக் குழாய் ஓவர்ஃப்ளோ: அந்த ஒரு வால்வுதான் பிரச்சனை

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுக் கடல் தொட்டியில் எல்லாம் நன்றாக ஓடுகிறது, வடிகுழாயில் இருக்கும் அந்த ஒரு வால்வைத் தவிர. மீன் தொட்டியின் மேல்மட்டத்தில் வழிகிற கடல் தண்ணீர் ஓவர்ஃப்ளோ பெட்டியில் விழுந்து, வடிகுழாய் வழியாகக் கீழே இருக்கிற சம்ப் என்கிற துணைத்தொட்டிக்கு இறங்கும்; மோட்டார் அதை ரிட்டர்ன் குழாயில் மறுபடி மேலே ஏற்றும். மீனைப் பார்த்து நின்ற நேரத்தைவிட வால்வைப் பிடித்து நின்ற நேரம் அதிகம். போன வாரம் பழைய பால் வால்வை (உள்ளே உருண்டை இருக்கிற ball valve) அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன். கை இன்னும் பைப் ஒட்டுகிற சொல்யூஷன் வாசம் அடிக்கிறது. அந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் குழாயில் தண்ணீரும் காற்றும் சேர்ந்தே இறங்கும்; குடத்தைச் சட்டென்று கவிழ்த்த மாதிரி ராத்திரி முழுக்க கொளக் கொளக் என்று கேட்கும். இரட்டைக் குழாயில் அது கிடையாது. ஒரு குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து சைபனாக, அதாவது முன்னால் போகிற தண்ணீரே பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு இறங்குகிறது, காற்றுக்கு அங்கே இடமே இல்லை. இன்னொன்று அவசரத்துக்குச் சும்மா நிற்கிறது. தொட்டி கூடத்தில்தான் இருக்கிறது, பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறோம். மோட்டார் ஓடுகிறதா என்று சம்ப் மேல் கை வைத்துப் பார்க்கிற அளவுக்கு அமைதி. இந்த விஷயத்தில் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கரண்ட் விஷயத்திலும் அப்படித்தான். வாடைக் காலத்து மழையில் இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. மோட்டார் நின்றதும் மேலே இருக்கிற தண்ணீர் ரிட்டர்ன் குழாய் வழியாகவே, அதன் வாய் வெளியே தெரியும் வரை, சைபனாகக் கீழே சம்ப்புக்கு வரத்தான் செய்யும். நம் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். ஒரு செ.மீ. மட்டம் இறங்கினாலே 5.4 லிட்டர். ரிட்டர்ன் குழாயின் வாய் மேல்மட்டத்திலிருந்து 2 செ.மீ. கீழே இருந்தால் ஏறக்குறைய 11 லிட்டர், அதோடு ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் பைப்பிலும் நிற்கிற தண்ணீர். அதே வாயை 10 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 54 லிட்டர் கூடத்துத் தரையில்தான். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். உப்பும் பாசியும் பிடித்தால் அந்த மூடி முழுசாக மூடாது. ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். மட்டம் அதற்குக் கீழே போனதும் காற்று புகுந்து சைபன் அறுந்துவிடும். அந்த ஓட்டையும் அடைக்கும், அவ்வப்போது ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும்.

இன்னொன்று, நம் ஊர் வெக்கைக்குத் தண்ணீர் ஆவியாவது முழுக்க சம்ப்பில் மோட்டார் இருக்கிற அறையில்தான் தெரியும். நல்ல தண்ணீரை அங்கே விளிம்பு வரை நிரப்பிவிட்டால் கரண்ட் போகும்போது இறங்கி வருகிற தண்ணீருக்கு இடம் இருக்காது. மார்க்கரில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

கரண்ட் திரும்பி வரும்போது குழாய்க்குள் காற்று நிற்கும். குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் ஒரு இஞ்சுக்கு மேல் போகாமல் இருந்தால் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். கொஞ்ச நேரம் புஸ்ஸென்று குமிழ் விடும், அப்புறம் அமைதி. நான் வீட்டில் இல்லாதபோதும் தானாகவே கிளம்பியிருக்கிறது. இதற்குத் தலைவணங்க வேண்டும்.

சரி, வால்வுக்கு வருகிறேன். சைபன் குழாயில் இறங்குகிற தண்ணீரும் மோட்டார் ஏற்றுகிற தண்ணீரும் சமமாக இருக்க வேண்டும். பால் வால்வோ கால் சுற்றில் முழுசாகத் திறந்து மூடுகிறது. கைப்பிடியைத் தீக்குச்சி கனத்துக்கு நகர்த்தினாலும் பெட்டியில் மட்டம் ஏறும், இல்லை இறங்கும். அது நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஏறினால் அவசரக் குழாய் சளசளக்கும், இறங்கினால் சைபன் குழாய் காற்றை உறிஞ்சிக் கத்தும். இத்தனையும் செய்து நிறுத்தி வைத்தால் சில நாளில் வால்வுக்குள் பாசி படிந்து மறுபடி முதலிலிருந்து. கச்சான் காலத்தில் தென்கடல் கலங்கிக் கிடக்கிறபோது எடுத்த தண்ணீரை எவ்வளவு தெளிய வைத்து ஊற்றினாலும் இது நிற்கவில்லை. வெளியே கைப்பிடியைச் சுற்றி வேறு வெள்ளையாக உப்புப் பூத்து இறுகிவிடும். மெதுவாகத் திருப்பவே முடியாது, விடுபடும்போது ஒரே வெட்டு வெட்டும்.

இதற்குத் தேவை கேட் வால்வு. பல சுற்றுச் சுற்றினால்தான் மூடும் என்பதால் நுணுக்கமாக வைக்கலாம். ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் பித்தளையில்தான் எடுத்துப் போடுகிறார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு ஆகாது. பிவிசி கேட் வால்வை மதுரையிலிருந்து வரவழைத்துத்தான் மாட்டினேன். இப்போது எவ்வளவோ தேவலை, ஆனாலும் தொடாமல் விட முடியவில்லை.

கீழக்கரை மச்சான் புதுத்தொட்டி வைக்கிறார். "மாப்ள, ஒங்க வீட்டுல உள்ள மாதிரியே ரெண்டு பைப் போட்டுரலாமா?" என்று கேட்டார். இவ்வளவு புகழ்ந்த பிறகும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். தொட்டி செய்பவர் "ரெண்டு ஓட்டை போதும் சார்" என்றுதான் சொல்வார், எனக்கும் அப்படித்தான் சொன்னார். மூன்று போடச் சொல்லுங்கள். ஒன்று வால்வோடு சைபன், ஒன்று மிச்சத் தண்ணீரைக் காற்றோடு மெல்ல இறக்கிக்கொள்ள, ஒன்று அவசரத்துக்கு. வால்வு கொஞ்சம் விலகினாலும் அந்த நடுக்குழாய் தாங்கிக்கொள்ளும். அவசரக் குழாயில் எந்த வால்வும் கூடாது. மோட்டார் ஏற்றுகிற மொத்தத் தண்ணீரையும் அது தனியாக இறக்க வேண்டும். அதன் கீழ்முனையைச் சம்ப் தண்ணீருக்கு மேலே நிறுத்துங்கள், விழுகிற சத்தத்திலேயே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும்.

பவளப்பாறைத் துண்டு எடுக்கலாமா என்றும் கேட்டார். கூடவே கூடாது. 2001-லிருந்து பவளங்கள் வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன, நமக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளும் தேசியப் பூங்கா. தண்ணீரைச் சுத்தம் செய்கிற பாக்டீரியா வளரச் செராமிக் கல்லே போதும், அதற்கு சம்ப்பில் நிறைய இடம் இருக்கிறது.

தண்ணீர் நிரப்பிய பிறகு கண்ணாடியில் ஓட்டை போட முடியாது என்பதால் என் தொட்டி இரண்டோடுதான் ஓடும். மச்சான் மட்டும் கண்ணாடி ஒட்டுவதற்கு முன்பே மூன்றையும் போட்டு வாங்கிவிடட்டும். கேட் வால்வு கைக்கு வந்து சேரும் வரை எந்த பைப்பிலும் சொல்யூஷன் தடவ வேண்டாம்.