நீலச் சட்டையா, வெள்ளைச் சட்டையா?
பழைய கிழக்கு ஜெர்மனிச் சட்டை கையில் கிடைத்தால் முதலில் நிறத்தையும் சட்டையின் இடது கைப்பகுதியையும் பாருங்கள். நீலச் சட்டையில் மஞ்சள் உதயசூரியனும் எஃப்.டி.ஜே. எழுத்துகளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், 1946-இல் தொடங்கி, 14 வயதிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட ‘சுதந்திர ஜெர்மன் இளைஞர்’ அமைப்புதான். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கான அமைப்பு பயனியர்; அவர்களுக்கு வெள்ளைச் சட்டை, அதே இடத்தில் ஜே, பி எழுத்துகளோடு மூன்று நாக்குத் தீச்சுடர்.

காலத்தைக் கணிக்க எனக்குப் பயனியர்தான் சுலபம், காரணம் கழுத்துத்துணி. ஆரம்பத்தில் எல்லோருக்கும் நீலம், 1973-இல்தான் பெரிய பிள்ளைகளான தேல்மன் பயனியர்களுக்குச் சிவப்பு வந்தது. ஆனால் ஒன்று, துணி தனியாகக் கழன்றுவிடும், விற்பவர் கையில் அகப்பட்டதைக் கட்டியிருக்கலாம். சட்டையில் தைத்த சின்னத்தில் தையலையும் பாருங்கள், பளபளவென்று புது நூலாக இருந்தால் பேரம் பேசலாம்.