இனத்தின் பெயரை நீக்குவதா, பங்கை எழுதிவைப்பதா: ருவாண்டாவும் புருண்டியும்

ஹூட்டு பெரும்பான்மை, டுட்சி சிறுபான்மை, மிகச் சிறிய ட்வா சமூகம் என ஒரே இன அமைப்பையும் பெல்ஜிய ஆட்சியின் தழும்பையும் சுமந்த ருவாண்டா, புருண்டி என்ற இவ்விரு ஆப்பிரிக்க அண்டை நாடுகளும், படுகொலைகளுக்குப் பின் நேரெதிரான வழிகளைத் தேர்ந்தன. 1994இல் ஹூட்டு தீவிரவாதிகள் டுட்சிகளைக் கொன்று குவித்தபோது, ருவாண்டாவின் சாலைத் தடுப்புகளில் நீட்டிய அடையாள அட்டையில் ‘டுட்சி’ என்றிருந்தாலே உயிர் போயிற்று. எனவே புதிய அரசு அட்டையிலிருந்து இனத்தையே நீக்கி, அனைவரும் ருவாண்டர் என்றது. அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இனத்தைப் பேசவே அஞ்சும் நாட்டில், அதிகாரம் யாரிடம் குவிகிறது என்று கேட்கவும் வழியில்லாமல் போகிறது.

புருண்டியோ உள்நாட்டுப் போரை முடிக்க 2000ஆம் ஆண்டில் செய்துகொண்ட அருஷா அமைதி உடன்பாட்டைத் தொடர்ந்து, 2005 அரசமைப்பில் பங்கை எண்ணியே எழுதியது: தேசிய அவையில் ஹூட்டுகளுக்கு 60, டுட்சிகளுக்கு 40 விழுக்காடு, ட்வாக்களுக்கு 3 இடங்கள், ராணுவத்தில் எந்த இனமும் பாதியைத் தாண்டக் கூடாது. டுட்சியர் ஆதிக்கத்திலிருந்த ராணுவம் 1972இல் ஹூட்டுகளைக் கொன்று குவித்ததை மறக்காத குடும்பங்களுக்கு, இந்தக் கடைசி விதியே பெரிய ஆறுதல் என்பேன். அச்சத்தை ஒப்புக்கொண்டு காப்பளிக்கும் இவ்வழியே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. 2015இல் அதிபர் நுகுருன்சிசா மூன்றாம் முறை போட்டியிட்டதால் நாடு கொந்தளித்தபோதும், அவரை எதிர்த்தவர்களில் இரு இனத்தவரும் இருந்தனர்.