எந்தப் பாட்டை முதலில் எடுப்பது?

தாராவியில் ஆறாம், ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பாட்டு வைத்து நடத்த இரண்டை எடைபோட்டுப் பார்த்தேன்: ‘வீ ஷல் ஓவர்கம்’, பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘யெஸ்டர்டே’ (1965).

முதல் பாட்டின் மெட்டு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அத்துப்படி. பள்ளியில் ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ என்று இந்தியில் பாடியதுதான். மெட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. காது நேராகச் சொல்லுக்குப் போகிறது. ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதால் கூச்சப்படுகிற பிள்ளையும் மூன்றாம் முறை வாய் திறக்கும். கைகோத்து நடப்பதைப் பாடும் அடியில் ஒரு பெண் walk என்பதை ‘வால்க்’ என்றாள். நீட்டிப் பாடும்போதுதான் அந்த ‘ல்’ ஒலிப்பதில்லை என்று அவளே பிடித்தாள். ‘டாக்’ (talk), ‘சாக்’ (chalk) என்று தானாகவே அடுக்கினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியில் அமெரிக்கப் பாடகி ஜோன் பயஸ் இதைப் பாடிய கதையைச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

‘யெஸ்டர்டே’ இறந்தகாலம் பழக நல்ல பாட்டு. இரண்டே நிமிடம், உச்சரிப்பும் தெளிவு. ஆனால் பிரிவின் ஏக்கம் 12 வயதுக்கு எட்டாது. நிழல் தலைமேல் தொங்குவதாக வரும் வரியை விளக்கவே அரை வகுப்பு போய்விடும். அதை எட்டாம் வகுப்புக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.