பழைய பத்திரங்களைச் சீர் செய்யும் குன்னூர்க் கடை: என் அனுபவம்

எங்கள் தாத்தாவின் பச்சைத்தேயிலைக் கணக்கு நோட்டையும் சில நிலப்பத்திரங்களையும், மொத்தம் 31 தாள், குன்னூரில் பைண்டிங் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் கொடுத்துச் சீர் செய்து வாங்கினேன். வரலாறு படித்துவிட்டு ஆவணக் காப்பக வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவள் நான். அதனால் அந்தக் கண்ணோடும் பார்த்து எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கட்டிலிருந்த ஒரு பத்திரத்தை ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டிருந்தோம், கெடாமல் இருக்கும் என்று நம்பித்தான். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை இனி பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம்மா" என்றார். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகித நாரோடு ஒட்டிக்கொள்கிறது, தாளில் இருக்கிற அமிலமும் உள்ளேயே அடைபட்டுத் தாளை அரித்துக்கொண்டிருக்கும். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவர் ஒட்டுகிற எதையும் நாளைக்கு வேறொருவர் ஈரம் காட்டிப் பிரித்துவிட முடிய வேண்டும். அந்தக் கடையில் எல்லாமே இந்த ஒன்றை வைத்துத்தான் நடக்கிறது.

பசையையே எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சி வராமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கலப்பது பைண்டர்களின் பழைய வழக்கம். இவர் கலப்பதில்லை, செம்பு காகிதத்தைச் சீக்கிரம் நொறுங்க வைத்துவிடும் என்பதால். கோதுமை ஸ்டார்ச்சைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, மெல்லிய ஜப்பானியத் தாளைக் கையால் கிழித்து கிழிசலுக்குப் பின்னால் வைக்கிறார். கத்தரியால் வெட்டினால் ஓரம் தடித்துத் தெரியும், கிழித்தால் நார் நீண்டு நின்று பழைய தாளோடு கலந்துவிடுகிறது. அதற்கு முன்னால் துருப்பிடித்த பின்னை எடுப்பது, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவது, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து மை ஊறுகிறதா என்று பார்ப்பது எல்லாம் உண்டு. ஒரு தாளை மட்டும் தொடவே மாட்டேன் என்றார். அதில் இருந்தது இரும்பு உப்பு சேர்த்துச் செய்த பழைய மை, எழுத்து இருந்த இடமே அரித்து ஓட்டை விழுந்திருந்தது, ஈரம் பட்டால் அந்த இரும்பு சுற்றிலும் பரவிவிடும். காசு வருகிற வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் கேட்டுக்கொண்டு அங்கே நாலு சனிக்கிழமை உட்கார்ந்து பாருங்கள், எனக்கு அனுமதி கொடுத்தார். பாதி நேரம் ஒட்டுவதில் போகாது, எந்தத் தாள் எந்த வரிசையில் எந்த நிலையில் வந்தது என்று குறித்து வைப்பதில்தான் போகும். அது அலுப்பாக இருந்தால் இந்த வேலை சரிவராது. பிடித்திருந்தால் அப்புறம் தில்லி தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஒரு வருஷ டிப்ளமோவைப் பற்றி விசாரியுங்கள், எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நம் மலையிலேயே 1859-இல் தொடங்கிய ஊட்டி நீலகிரி நூலகம் இருக்கிறது, கோத்தகிரி பக்கத்தில் கன்னேரிமுக்கு சல்லிவன் பங்களாவில் நீலகிரி ஆவண மையம் இருக்கிறது. ஆனால் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கிற பட்டாவையும் கணக்கையும் கடிதத்தையும் பார்க்கத்தான் ஆளே இல்லை, நான் இந்த வேலைக்கு வர ஆசைப்படுவதும் அதற்காகத்தான்.

குறை என்றால், கடைக்குப் போர்டு கிடையாது, போனை எடுப்பது அபூர்வம், ஏழு வாரம் ஆயிற்று. தாளுக்கு 120 ரூபாய் வாங்கினார், வேலையைப் பார்த்த பிறகு அது எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை. சீர் செய்வதற்கு முன்னால் இருந்த நிலையைப் படம் எடுத்துத் தரச் சொல்லி நீங்களே கேளுங்கள், தானாகத் தர மாட்டார்.

அக்டோபர், நவம்பரில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும், மழை மாதத்தில் ஒட்டிய பசையும் லேசில் காயாது. ஜனவரி வெயிலில் கொடுங்கள்.