சீலிங்கில் பத்து ஆண்டு: கரண்டில் ஓடும் ஸ்மோக் டிடெக்டர்

அமெரிக்காவில் கடந்த முப்பது ஆண்டுகளில் கட்டிய வீடுகள் பெரும்பாலானவற்றில், 120 வோல்ட் கரண்டில் ஓடி, ஒன்று அலறினால் எல்லாம் சேர்ந்து அலறும் டிடெக்டர்கள்தான் இருக்கும். நீண்ட காலப் புழக்கத்தில் ஒயரிங் கோளாறு அபூர்வம். தொல்லை தருபவை பேட்டரி, தூசி, வயது மூன்றும்தான்.

அரை நிமிடம் அல்லது ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சென்றால் முதல் சந்தேகம், கரண்ட் போனால் கைகொடுக்க உள்ளே இருக்கும் பேட்டரிமேல். பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கும். வீடு குளிரும்போது பலவீனமான பேட்டரியின் வோல்ட்டேஜ் இன்னும் இறங்குவதே காரணம். ‘கரண்டுதான் இருக்கிறதே’ என்று பேட்டரியைக் கழற்றிப் போட்டால் கீச்சொலி நிற்காது, பேட்டரி இல்லை என்பதற்கும் அது கத்தும். மூடியில் அச்சிட்ட வகையையே போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரி கூடாது.

கழற்றும் முன் பிரேக்கரை அணைத்து, பச்சை விளக்கும் அணைந்ததா என்று பாருங்கள். டிடெக்டரைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால், சீலிங்கில் பொருத்திய தட்டிலிருந்து விடுபடும். திரும்பவே மறுத்தால் பூட்டு ஊசி குத்தியிருக்கலாம், அதை முதலில் எடுக்க வேண்டும். பின்புற பிளக்கின் இரு பக்கக் கிளிப்பையும் அமுக்கி இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கழற்றிய பின்னும் கத்தினால், பேட்டரியை எடுத்துவிட்டு டெஸ்ட் பட்டனை 15, 20 விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். ஒயர் இணைப்புகள் டிடெக்டருக்கு மேலே சீலிங்கில் பதித்த பெட்டிக்குள்ளேயே முடிவதால், ஒன்றைக் கழற்றினாலும் மற்றவை வேலை செய்யும்.

புகையே இல்லாமல் வீடு முழுக்க அலறுவதுதான் பெரிய தலைவலி. எல்லாவற்றையும் பிடுங்கும் முன் சுற்றி வந்து பாருங்கள். பல மாடல்களில் அலறலைத் தொடங்கியதில் மட்டும் சிவப்பு விளக்கு வேகமாக மினுக்கும், மற்றவை அதன் சிக்னலுக்குக் கத்துபவை. அதற்குள் தூசியோ சிறு பூச்சியோ புகுந்திருக்கும். மென்மையான பிரஷ் மாட்டிய வேக்வம் போதும். சீலிங் பெட்டியின் ஓட்டை வழியே பரண் காற்றும் இன்சுலேஷன் துகளும் இறங்குவதும் உண்டு, ஓட்டையை அடைத்தால் தீரும். தாளிப்புப் புகைக்கு அடிக்கடி கத்துவது அயனி வகையாக (சிறு கதிரியக்கத்தால் புகையை உணர்வது) இருந்தால் அந்த இடத்துக்கு ஒளிமின் வகை (ஒளியால் உணர்வது) மாற்றலாம். அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும்.

சுத்தம் செய்தும் அடங்காவிட்டால் பின்புறத் தேதியைப் பாருங்கள். கணக்கு வாங்கிய நாளிலிருந்து அல்ல, தயாரிப்புத் தேதியிலிருந்து பத்து ஆண்டு. தாண்டியதற்குப் புது பேட்டரி வாங்குவது வீண். ஒரே வயதானவை என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

மாற்றும்போது பிராண்ட் கலக்காதீர்கள். கறுப்பு லைன், வெள்ளை நியூட்ரல், மூன்றாவதான சிவப்பு அல்லது ஆரஞ்சு சிக்னல் ஒயர். அந்தச் சிக்னல் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். பழைய பிளக்கோடு பொருந்த அடாப்டர் விற்கிறார்கள். அது ஒயரிங் வேலையை மிச்சப்படுத்தும், கிட்டி (Kidde), ஃபர்ஸ்ட் அலர்ட் (First Alert) போன்ற வெவ்வேறு பிராண்டுகளை ஒன்றோடொன்று பேச வைக்காது. மாட்டி முடித்ததும் ஒன்றின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, கடைசி அறை வரை அலறுகிறதா என்று கேளுங்கள். அயனி வகையில் மிகச் சிறிதளவு அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும், உடைத்துப் பார்க்க வேண்டாம். எப்படி அப்புறப்படுத்துவது என்பதை உங்கள் ஊர்க் குப்பை நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.